பொல்லாத கோடு

ஊரடங்கு சமயத்தில் நண்பர் ஒருவர் 1000 துண்டு ஜிக்சா ஒன்றைக் கொடுத்தனுப்பினார். ரெனுவார் வரைந்த ‘புஜிவாலில் நடனம்’. சாப்பாட்டு மேஜையைப் பதினோரு நாள் அதற்கே எழுதிக்கொடுத்துவிட்டு, நாங்கள் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஜிக்சா அடுக்கியவர்களுக்குத் தெரியும், ஒரு படத்தை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம் வேறெப்படியும் பார்க்க முடியாது. பின்னாலிருக்கும் மரங்கள் உயிரை எடுத்தன. எல்லாத் துண்டும் ஒரே பச்சை. ஆடும் பெண்ணின் தலையிலிருக்கும் சிவப்புக் குல்லாய் அரை மணி நேரத்தில் சேர்ந்துவிட்டது. தரைக்கு வந்தபோதுதான் அங்கே அணைத்துப் போட்ட சிகரெட் துண்டுகளும் எரிந்த தீக்குச்சிகளும் யாரோ தவறவிட்ட சின்னப் பூங்கொத்தும் கிடப்பது கண்ணில் பட்டது. முகம் ஆறு துண்டுகளில் வந்தது. வைக்கோல் தொப்பிக்காரன் தன் முகத்தை ஒட்டக் கொண்டுவருகிறான். அவள் கண்ணைத் தாழ்த்தி முகத்தைச் சற்றே திருப்பிக்கொள்கிறாள். வெட்கம் என்றேன் நான். அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “வெட்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எவ்வளவு நேரமா நிக்கிறாளோ, கால் வலிக்குதுடா அந்தப் பொண்ணுக்கு.”

அன்று ராத்திரிதான் அந்தப் பெண் யார் என்று தேடினேன்.

ஓவியம் 1883இல் வரைந்தது. ரெனுவாருக்காக நின்றவர் மரி-கிளெமந்தின் வலாதோன். அப்போது அவருக்கு 17 வயது. அதே ஆண்டு வெள்ளைப் பட்டு உடுத்தி, முழங்கைக்கு மேல் கையுறை போட்டு, ‘நகரத்தில் நடனம்’ ஓவியத்துக்கும் நின்றிருக்கிறார். அதே 1883இல் அவரே பாஸ்டல் குச்சியை எடுத்துத் தன் முகத்தை வரைந்து தேதியும் போட்டிருக்கிறார். இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஆள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியவில்லை. ரெனுவாரிடம் கன்னம் பழம்போல இருக்கிறது. தன் கையால் வரைந்ததில் நடுவகிடு எடுத்து இறுக்க வாரிய தலை, கெட்டியான தாடை, கன்னத்தில் நீலமும் பச்சையும் கலந்த நிழல், நம்மை நம்பாத இரண்டு கண்கள். புன்னகை மருந்துக்கும் கிடையாது. தான் அழகாக இருக்க வேண்டும் என்று அந்தப் படத்தில் ஒரு கோடுகூட முயலவில்லை. அந்த ஆண்டே 18ஐத் தொட்ட பெண் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் இவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க ஓர் எரிச்சலும் கூடவே வளர்ந்தது. அது என்ன எரிச்சல் என்று பிறகு சொல்கிறேன்.

1865 செப்டம்பர் 23 அன்று பிரான்ஸின் லிமூஸன் பகுதியிலுள்ள பெஸீன் என்ற சிற்றூரில் பிறந்தார். அம்மா மதலேன் வீட்டு வேலைக்காரி, துணி வெளுப்பவர். அப்பா யாரென்று பதிவில் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா பாரிஸுக்கு வந்து மோன்மார்த் மேட்டில் குடியேறினார். அன்றைய மோன்மார்த் பாரிஸோடு சேர்ந்து கொஞ்ச காலமே ஆன குன்று. திராட்சைத் தோட்டம், காற்றாலை, மலிவான வாடகை, அதைவிட மலிவான சாராயம். பெண் பதினொரு வயதில் வேலைக்குப் போனாள். தொப்பி தைக்கும் கடை, சவ ஊர்வலத்துக்கு மலர் வளையம் கட்டும் பட்டறை, காய்கறிக் கடை, சாப்பாட்டுக் கடையில் பரிமாறுவது. பிறகு சர்க்கஸ். ஊஞ்சலிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டதோடு அதுவும் முடிந்தது. அந்த வேலையைத்தான் கடைசிவரை ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டிருந்தாராம். கிழிந்த வலையோ நழுவிய கையோ, அந்த விழுகை இல்லாவிட்டால் நாம் இந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

அந்தக் காலத்தில் பிகால் சதுக்கத்து நீரூற்றைச் சுற்றி மாடல்களின் சந்தை கூடும். இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்கள் கைக்குழந்தை முதல் தாடிக் கிழவர் வரை வரிசையாக நிற்க, ஓவியர்கள் வந்து ஆளைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். வலாதோன் இந்தத் தொழிலுக்குத்தான் வந்தார். முதல் பெரிய எஜமானர் பூவி த ஷவான். அவருடைய ‘புனிதத் தோப்பு’ என்ற பிரம்மாண்டமான ஓவியம் லியோனில் இருக்கிறது. கலைதேவதைகள் மரத்தடியில் நின்றும் உட்கார்ந்தும் மிதந்தும் தெரிவார்கள். அந்த உருவங்களில் பலவற்றுக்குத் தானே நின்றதாக வலாதோன் பின்னால் சொல்லியிருக்கிறார். பெண்களுக்கு மட்டுமல்லாமல் இளைஞர்களுக்கும் அவர் உடம்புதான். இந்தக் கை என்னுடையது, அந்தக் கால் என்னுடையது என்று சொல்லிக்கொண்டே போகக்கூடிய நிலைமை.

அவருக்கு சுசான் என்ற பெயரைச் சூட்டியது ஓவியர் துலூஸ்-லோத்ரெக். பைபிளில் சூசன்னா என்ற பெண் குளிப்பதைக் கிழவர்கள் இரண்டு பேர் ஒளிந்து பார்ப்பார்கள். கிழட்டு ஓவியர்களுக்கு முன்னால் துணியில்லாமல் நிற்கிறவளுக்கு அந்தப் பெயர் பொருத்தம் என்று லோத்ரெக் வைத்த கேலிப் பெயர் அது. அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஓவியங்களில் கையெழுத்தாகப் போட்டுவிட்டார். லோத்ரெக் வரைந்ததில் அவர் காபிக் கடை மேஜையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருக்கிறார். எதிரே பாட்டில், பாதிக் கோப்பை, எங்கோ வெறிக்கும் பார்வை. ‘மறுநாள் தலைவலி’ என்று படத்துக்குப் பெயர். ரெனுவாரிடம் கனவுப்பெண், லோத்ரெக்கிடம் குடிகாரி. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார், உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார்.

ஆனால் அம்மா சொன்ன கால்வலியை யோசித்தால் இன்னொன்றும் தோன்றுகிறது. மாடல் என்பவர் மணிக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். கண்ணுக்கு மட்டும் தடை கிடையாது. எதிரே ஒருவர் பலகையில் சாயம் குழைக்கிறார், கண்ணைச் சுருக்கி அளவெடுக்கிறார், கோட்டை அழிக்கிறார், திரும்பப் போடுகிறார். பாரிஸின் நுண்கலைக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தது 1897இல்தான். அதற்குள் வலாதோன் ரெனுவார், பூவி, லோத்ரெக் மூவரின் வகுப்பிலும் முன்வரிசையில் உட்கார்ந்து, கட்டணம் கட்டாமல், கூலியும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ரகசியமாக வரைந்துகொண்டிருந்த காகிதங்கள் ஓவியர் தெகாவிடம் போய்ச் சேர்ந்தது அவர் வாழ்வின் திருப்பம். எட்கர் தெகா யாரையும் லேசில் பாராட்டாதவர், முன்கோபி, பெண்களைப் பற்றி நல்லவிதமாகப் பேசியவர் என்று பெயர் எடுக்காதவர். வலாதோன் அவருக்கு ஒருநாளும் மாடலாக நின்றதில்லை என்று பிற்காலத்தில் வலியுறுத்திச் சொல்வார். தெகா அவர் கோட்டோவியங்களை விலை கொடுத்து வாங்கி வீட்டில் மாட்டினார். தன் அச்சு எந்திரத்தில் செப்புத்தகட்டுச் சித்திரம் போடக் கற்றுக்கொடுத்தார். கடிதங்களில் அவரைப் ‘பொல்லாத மரியா’ என்றே அழைப்பார். பொல்லாத, ஆனால் வளைந்துகொடுக்கும் உன் கோட்டோவியங்களைக் கொண்டுவா என்கிற பாணியில் நச்சரிப்பார். பார்வை மங்கிக்கொண்டே வந்த மனிதர் இந்தக் கோட்டுக்காகக் காத்திருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

1894இல் தேசிய நுண்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் அவருடைய ஐந்து கோட்டோவியங்கள் இடம்பெற்றன. எந்தப் பள்ளியும் படிக்காத, தகப்பன் பெயர் இல்லாத, வெளுப்புக்காரி மகள்.

2025 ஏப்ரலில் வேலையாகப் பாரிஸ் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் கிடைத்தது. பொம்பிது மையத்தில் வலாதோன் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய 200 படைப்புகள். பாரிஸில் அவருக்கென்று இவ்வளவு பெரிய கண்காட்சி 1967க்குப் பிறகு இதுதான். காலையில் போனவன் கால் ஓய்ந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது.

நான் அதிக நேரம் நின்றது பெரிய எண்ணெய் ஓவியங்களுக்கு முன்னால் இல்லை. கோட்டோவியங்கள் இருந்த இடத்தில்தான். குளியல் காட்சிகள். தெகாவும் குளிக்கும் பெண்களை நிறைய வரைந்தவர். அவை அழகு, ஆனால் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல இருக்கும். வலாதோனின் படங்களில் ஒரு பாட்டி, ஒரு வேலைக்காரப் பெண், ஒரு பையன், ஒரு தகரத் தொட்டி. தண்ணீர் சில்லென்று இருக்குமோ என்று ஒற்றைக் காலை மட்டும் உள்ளே வைத்துப் பார்க்கும் உடம்பு. துவட்டிக்கொள்ளக் குனிகையில் வயிற்றில் விழும் மடிப்பு. மகன் மொரீஸ் சிறு பையனாக அம்மணமாக நின்றுகொண்டு பேசினைக் காலால் தள்ளி விளையாடும் படம் ஒன்று உண்டு. விலா எலும்பும் முழங்கால் முட்டியும் ஒரே அழுத்தமான கோட்டில் வந்திருக்கின்றன. பென்சில் எங்கும் தடவிக்கொடுக்கவில்லை. கம்பி வளைத்ததுபோல வெளிக்கோடு, உள்ளே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அந்த வெற்றுக் காகிதம்தான் சதையாகத் தெரிகிறது. எனக்கு அது எப்படி என்று இன்னும் பிடிபடவில்லை.

மொரீஸ் பிறந்தது 1883 டிசம்பர் 26. அந்த ரெனுவார் படங்களின் ஆண்டேதான். தகப்பன் யாரென்று வலாதோன் சொல்லவில்லை. 1891இல் மிகேல் உத்ரியோ என்ற கத்தலான் நண்பர் கையெழுத்துப் போட்டுப் பையனுக்குத் தன் பெயரைக் கொடுத்தார். இதைப் பற்றி ஒரு துணுக்கு உண்டு: ரெனுவார் குழந்தையைப் பார்த்து ‘நிறம் சரியில்லை, என்னுடையது இல்லை’ என்றாராம், தெகா ‘வடிவம் சரியில்லை’ என்றாராம், யாருடைய படைப்பானாலும் கையெழுத்துப் போடத் தயார் என்று உத்ரியோ சொன்னாராம். எல்லாப் புத்தகத்திலும் வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. தெகா அவரைச் சந்திப்பதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே பையன் பிறந்தாயிற்று என்பதுதான் சிக்கல்.

இப்போது அந்த எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். வலாதோன் வாழ்க்கையை யார் எழுதினாலும் அது ஆண்களின் வருகைப் பதிவேடு ஆகிவிடுகிறது. ரெனுவார் வந்தார், லோத்ரெக் வந்தார், சாத்தி வந்தார். இதோ நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆடு, பூனைக் கதைகள் வேறு. பிடிக்காத படங்களைத் தின்பதற்கென்றே ஒரு ஆடு வளர்த்தாராம், வெள்ளிக்கிழமைகளில் பூனைகளுக்குக் கேவியார் வைப்பாராம், சட்டையில் கேரட்டுகளைச் செருகிக்கொண்டு வருவாராம். பூனைகளை வரைந்திருக்கிறார், அது நிஜம். ரமினு என்ற பூனைக்குப் பெண்களுக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுத்திருக்கிறார். மிச்சத்தை நம்புகிறவர்கள் நம்பட்டும்.

இருந்தாலும் இசையமைப்பாளர் எரிக் சாத்தியை விட்டுவிட மனசு வரவில்லை. 1893இல் ஆறு மாதம்தான் பழக்கம். வலாதோன் சாத்தியின் முகத்தை வரைந்தார். சாத்தி அவருக்கு ‘பிக்கி’ என்று செல்லப் பெயர் வைத்து, அந்த ஈஸ்டருக்கு ‘காலை வணக்கம் பிக்கி’ என்று சில நொடிகளே ஓடும் ஒரு துண்டு இசை எழுதிக்கொடுத்தார். பிரிந்த பிறகு அந்த மனிதர் வாழ்வில் வேறு பெண் வந்ததாகத் தகவல் இல்லை. 1925இல் அவர் இறந்த பிறகுதான், 27 வருஷமாக யாரையும் உள்ளே விடாத அவர் அறைக்குள் நண்பர்கள் நுழைந்தார்கள்.

1896இல் வலாதோன் போல் மூசி என்ற பணக்காரரை மணந்தார். வசதியான வீடு, வேலைக்காரர்கள், வரைவதற்கு நேரம். அந்தப் பதின்மூன்று வருஷத்தில் எண்ணெய் ஓவியம் மிகக் குறைவு. இதற்குள் பையன் குடியில் மூழ்கியிருந்தான். லிமூஸன் பக்கத்து வழக்கப்படி பாட்டி சூப்பில் ஒயின் ஊற்றிக்கொடுத்துப் பழக்கியதுதான் ஆரம்பம் என்பார்கள். இருபது வயதிலேயே மருத்துவமனை வாசம். கையை எதிலாவது ஈடுபடுத்துங்கள் என்ற வைத்தியர் யோசனையின் பேரில் அம்மா அவன் கையில் தூரிகையைக் கொடுத்தார். அவன்தான் மொரீஸ் உத்ரியோ. மோன்மார்த் தெருக்களின் வெள்ளைச் சுவர்களைச் சாயத்தில் காரையைக் கலந்து வரைந்து, அம்மாவைவிடப் பேர் வாங்கினான். வலாதோன் என்றால் பல பேருக்கு இன்றும் உத்ரியோவின் அம்மா.

1909இல் மகன் ஒரு நண்பனை வீட்டுக்கு அழைத்து வந்தான். ஆந்த்ரே உத்தேர். மின்வேலை பார்த்துக்கொண்டு ஓவியமும் வரைந்த இளைஞன். மகனைவிட இரண்டு வயது சின்னவன். வலாதோனுக்கு 44. மூசியின் வீடு, வண்டி, வருமானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவனோடு போய்விட்டார். அதே ஆண்டு ‘ஆதாமும் ஏவாளும்’ வரைந்தார். ஏவாள் அவர், ஆதாம் உத்தேர். இரண்டு பேரும் ஆடையின்றி, ஆளளவுக்குக் கொஞ்சம் குறைவாக. அவள் கை ஆப்பிளை எட்டுகிறது. அவன் கை அவள் மணிக்கட்டின் மேல் இருக்கிறது. தடுக்கிறானா, உதவுகிறானா? நானும் கிட்டப் போய், எட்ட வந்து, பார்த்தேன், தீர்ப்பு கிடைக்கவில்லை. அவன் இடுப்பைச் சுற்றி ஒரு கொடி இலை மாலை ஓடுகிறது. முதலில் வரைந்தபோது அது இல்லை. பழைய புகைப்படத்தில் ஆதாம் முழு நிர்வாணம். பொதுக் கண்காட்சிக்கு வைப்பதற்காகப் பிறகு ஒட்டிய இலைகள். ஏவாளுக்கு இலை தேவைப்படவில்லை. பெண்ணின் நிர்வாணம் சுவருக்கு எப்போதோ பழகிவிட்ட பண்டம். ஆணின் உடம்பை ஒரு பெண் பார்த்தாள் என்பதற்குத்தான் அவ்வளவு பச்சைச் சாயம் செலவாகியிருக்கிறது.

ஐந்து வருஷம் கழித்து ‘வலை வீச்சு’. மூன்று மீட்டர் அகலம். கடற்கரையில் மூன்று ஆண்கள் வலையை இழுத்து வீசுகிறார்கள், மூன்று பேரும் உத்தேர்தான், மூன்று கோணத்தில். கயிறுகள் சரியாக மறைக்க வேண்டிய இடத்தில் குறுக்கே போகின்றன. முதுகு, பிருஷ்டம், தொடை எல்லாம் ரசித்துப் பார்த்த கண்ணால் வரைந்தவை. அது 1914. செப்டம்பரில் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். உத்தேர் போர்முனைக்குப் போனான்.

அன்று சாயங்காலம் மோன்மார்த் ஏறினேன். கொர்த்தோ தெரு, 12ஆம் எண். இப்போது மியூசியம். 1876இல் ரெனுவார் இதே வளாகத்தில் வாடகைக்கு இருந்துதான் தன் புகழ்பெற்ற நடனத் தோட்டத்து ஓவியத்தை வரைந்தார். அப்போது வலாதோன் பதினொரு வயதுக் கூலிக்காரச் சிறுமி. 1912இல் அம்மா, மகன், உத்தேர் மூவரையும் கூட்டிக்கொண்டு அவர் இங்கே குடிவந்தார். மாடியில் அவர் அறையைக் கடிதங்களையும் புகைப்படங்களையும் வைத்து மறுபடி அமைத்திருக்கிறார்கள். பெரிய கண்ணாடிச் சன்னல், கணப்படுப்பு, சாயத் தாங்கி. ஒரு குடும்பம் இத்தனை சண்டையோடு எப்படி இதற்குள் இருந்தது என்று வியப்பாக இருந்தது. மகன் குடித்துவிட்டுக் கத்துவான், உத்தேர் அவனோடு மோதுவான், பாட்டி முனகிக்கொண்டிருப்பார். அக்கம்பக்கத்தார் இவர்களைச் ‘சபிக்கப்பட்ட மூவர்’ என்றார்களாம்.

அந்த 1912இல் வரைந்த குடும்பப் படம் ஒன்று காலையில் பார்த்ததில் மனதில் நின்றிருந்தது. நால்வர். உத்தேர் எங்கோ பார்க்கிறான். உத்ரியோ கன்னத்தில் கை வைத்துக் கிறங்கி உட்கார்ந்திருக்கிறான். பாட்டியின் முகம் காய்ந்த நிலம். நடுவில் நெஞ்சில் கைவைத்து நிற்கும் சுசான் மட்டும் நம்மை நேராகப் பார்க்கிறார். ஒரே சட்டத்துக்குள் நாலு பேர், யாரும் யாரையும் பார்க்கவில்லை.

1920களில் மகன் படங்கள் நல்ல விலைக்குப் போக, பணம் வந்தது. 1923இல் லியோன் பக்கம் சோன் ஆற்றங்கரையில் ஒரு பழைய கோட்டை வீட்டையே வாங்கினார்கள். அந்த ஆண்டுதான் ‘நீல அறை’. கனத்த உடம்புக்காரி ஒருத்தி கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். பச்சைக் கோடு போட்ட பைஜாமா, தோளில் நழுவும் இளஞ்சிவப்புச் சட்டை, காலடியில் இரண்டு புத்தகம், வாயில் சிகரெட். சுற்றிலும் பூவேலை செய்த நீலத் துணி. சாய்ந்து கிடக்கும் பெண் என்றால் ஐரோப்பிய ஓவியத்தில் யாருக்காகவோ காத்திருப்பவள். இவள் யாருக்கும் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், வேலை முடிந்தது, கதவைத் தட்டாதே. என் ஜிக்சாவின் தரையில் கிடந்த சிகரெட் துண்டுகள் அப்போது ஞாபகம் வந்தன. அவை ஆண்கள் குடித்துப் போட்டவை.

1921இல் வரைந்த ‘கைவிட்ட பொம்மை’யைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாஷிங்டனில் இருக்கும் இந்த ஓவியத்தைப் படமாகத்தான் பார்த்திருக்கிறேன். வளர்ந்துகொண்டிருக்கும் சிறுமி ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்து, துவட்டிவிடும் பெண்ணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைக்கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறாள். தலையில் இளஞ்சிவப்பு ரிப்பன். தரையில் விழுந்து கிடக்கும் பொம்மையின் தலையிலும் அதே ரிப்பன். இந்தச் சிறுமியை ஓர் ஆண் வரைந்திருந்தால் நாம் அந்தக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருப்போம். வலாதோன் நம்மை அந்தக் கண்ணாடிக்குள் பார்க்கவே விடுவதில்லை.

கடைசி வருஷங்கள் தனிமை. உத்தேர் விலகிப்போனான். 1935இல் மகன் கல்யாணம் செய்துகொண்டு போனான். 1938 ஏப்ரல் 7 அன்று, வரைந்துகொண்டிருக்கும்போதே பக்கவாதம் தாக்கி, 72 வயதில் இறந்தார். சவ அடக்கத்துக்குப் பிக்காசோ, பிராக், தெரேன் எல்லாம் வந்தார்கள்.

1931இல் அவர் வரைந்த சுயசித்திரத்துக்கு முன்னால்தான் அன்று நான் கடைசியாக நின்றேன். கட்டையாக வெட்டிய முடி, உதட்டில் சாயம், கழுத்தில் மணிமாலை, மாலைக்குக் கீழே துணியில்லாத, தளர்ந்த மார்பு. 1883இல் பாஸ்டலில் பார்த்த அதே தாடை, அதே நம்பாத கண். வாய் மட்டும் கீழே இறங்கியிருக்கிறது. அருகிலிருந்த பள்ளிப் பிள்ளைகளில் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நண்பனை இடித்தான். கண்ணாடிக்கு முன்னால் இவர் எத்தனை மணி நேரம் இப்படி உட்கார்ந்திருப்பார், கால் மரத்துப்போயிருக்குமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். 66 வயது. கூலி கொடுக்க இந்த முறை யாரும் இல்லை.